இருபத்தேழாம் கதையில் வரும் அபி

அபிதாவுக்குத் துருக்கி மொழியில் தெரிந்தது மூன்றே மூன்று சொற்கள். ‘மெர்ஹபா’ என்றால் வணக்கம், ‘சாய்’ என்றால் தேநீர், ‘அன்னெ’ என்றால் அம்மா. இந்தப் பெரிய பாண்டித்தியத்தோடுதான் அவள், டென்மார்க்கில் வாழும் துருக்கிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்களுக்கான சிறுகதைப் போட்டி வேலையில் இறங்கினாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய அண்ணன் லவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“ஆழமறியாமல் காலை விடாதை எண்டு அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுறவ. நீ ரெண்டு காலையும் விட்டிட்டாய்.”

இஷொ நகரில் சங்கங்களுக்கென்று இருக்கும் ஒரு பொதுக் கட்டடத்தில் அவளுக்கு அலுவலக வேலை. போட்டியை நடத்தியது அங்கே மாதமொருமுறை கூடும் துருக்கிய வாசகர் வட்டம். அதன் தலைவி நூர்ஹான், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. மூன்று நடுவர்களில் ஒருவர் டேனிஷ்காரர், துருக்கி ஓர் எழுத்தும் தெரியாதவர். அவருக்காகக் கதைகளைக் கணினியின் மொழிபெயர்ப்பில் போட்டு, டேனிஷில் அச்செடுத்து, இலக்கமிட்டு அடுக்க வேண்டும். கணினி மொழிபெயர்க்கும், அபிதா அச்செடுப்பாள். இதற்கு மொழி எதற்கு?

முதல் நாள் நூர்ஹான் அவளுடைய பெயரைக் கேட்டார். “அபிதா. வீட்டில் அபி என்பார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம்” என்றாள். அந்த அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “அபியா! நீயா! நல்லது, இந்த வயதில் எனக்கு ஓர் அபி கிடைத்தாய்” என்று டேனிஷில் சொல்லி அவள் கன்னத்தைத் தட்டினார். அபிதாவும் கூடச் சிரித்துவைத்தாள். எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

போட்டிக்கு ஒரு கடுமையான விதி இருந்தது. எழுதியவரின் உண்மைப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். உறையின் மேல் புனைபெயர் மட்டும். நடுவர்கள் முடிவெடுக்கும்வரை அந்த உறைகளை எவரும் தொடக்கூடாது. நாற்பத்திரண்டு உறைகளும் அபிதாவின் மேசை லாச்சியில், பூட்டுக்குள் கிடந்தன. ஒரு திறப்பு அவளிடம், மற்றது நூர்ஹானிடம்.

பாதிக் கதைகளை அவள் வாசிக்கவேயில்லை. விண்கலம், செவ்வாயில் தேநீர்க்கடை, மனிதனைக் காதலிக்கும் இயந்திரம் என்று போய்க்கொண்டிருந்தன. இருபத்தேழாவது கதையை அச்செடுக்கும்போதுதான் தாளில் தன் பெயரைக் கண்டாள்.

எழுதியவரின் புனைபெயர் ‘குயு’. கணினி அதையும் மொழிபெயர்த்திருந்தது: கிணறு. கதை நடப்பது 2091ஆம் ஆண்டில். ஆனால் அதில் விண்கலம் எதுவும் இல்லை. ஒரு பழைய மாடிக் கட்டடம், ஏழாம் இலக்கம். அந்தக் கட்டடத்துக்கு அறிவு உண்டு, நோயும் உண்டு. அது தன் நோயை மூன்று தடவை எழுதி அனுப்பியும் எவரும் வாசிக்கவில்லை. கடைசிப் பக்கம் இப்படி இருந்தது:

“நாலாம் மாடியில் ஒரு கதவுக்கு மேலே வாடாத இலைகள் தொங்குகின்றன, பச்சைப் பிளாஸ்டிக் இலைகள். வியாழன் பிற்பகல். அபி சிரித்துக்கொண்டு அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்தபடியே கிணற்றுக்குள் காலை வைக்கிறாள். கிணறு நெடுநாளாகக் காத்திருந்தது.”

அபிதா அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தாள். அவள் இருப்பது ஏழாம் இலக்கக் கட்டடம், நாலாம் மாடி. அவளுடைய கதவுக்கு மேலே மாவிலைத் தோரணம் தொங்குகிறது. டென்மார்க்கில் மாவிலைக்கு எங்கே போவது? அம்மா வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் தோரணம், மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் வேறு தமிழர் யாருமில்லை, வேறு தோரணமும் இல்லை. அவளுடைய கதவைப் பார்த்த யாரோ ஒருவன், அவளுடைய பெயரையும் அறிந்த ஒருவன், அவளுடைய சாவை எழுதிப் போட்டிக்கு அனுப்பியிருக்கிறான்!

கிணறு எது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. டேனிஷில் ‘ப்ரன்’ என்றால் தண்ணீர்க் கிணறும்தான், நிலத்துக்குள் இருக்கும் சாக்கடைக் குழியும்தான். அவளுடைய கட்டடத்தின் படிக்கட்டு பின்முற்றத்தில் போய் முடியும். அங்கே காலடியில் அப்படி ஒரு குழி. மூடி உடைந்து ஒரு மாதமாகிறது, சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். கதையை வாசித்த அன்றிலிருந்து அவள் படிக்கட்டுப் பக்கமே போகவில்லை. முன்வாசலால் போய், லிப்ற்றில் ஏறி, லிப்ற்றில் இறங்கினாள். லிப்ற் பழசு, கூப்பிட்டால் வர நேரமெடுக்கும், கதவைக் கையால் இழுத்துத் திறக்கிற வகை. ஆனாலும் குழியைவிட அது மேல் என்று நினைத்தாள்.

மறுநாள் நூர்ஹானிடம் கேட்டாள், “இருபத்தேழாம் கதையை எழுதியது யார்?”

நூர்ஹானின் முகம் ஆசிரியை முகமாகிவிட்டது. “கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. எனக்கே தெரியாது. நான் ஒரு கதையும் வாசிக்கவில்லை, வாசித்தால் வாய் சும்மா இருக்காது. வியாழக்கிழமை ஒரு மணிக்கு நடுவர்கள் கூடுகிறார்கள். அதுவரை பொறு.”

“இல்லை, அதில் ஒரு…” என்று தொடங்கிய அபிதா நிறுத்திவிட்டாள். அதில் என் பெயர் வருகிறது என்று சொன்னால் இந்த அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைப்பாரோ என்ற வெட்கம். பாழாய்ப்போன வெட்கம்! அந்த ஒரு வசனத்தை அவள் முடித்திருந்தால் நூர்ஹான் மறுபடி கண்ணில் நீர் வரச் சிரித்திருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அன்று எல்லாரும் போன பிறகு லாச்சியைத் திறந்து அந்த உறையை எடுத்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இரண்டு தாள்கள் இருப்பது தெரிந்தது, எழுத்துத் தெரியவில்லை. ஓரத்தில் நகத்தை வைத்தாள். ஆனால் அவள் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. விதி என்றால் விதிதான், மனச்சாட்சி உறுத்தியது. உறையைத் திரும்ப வைத்துப் பூட்டினாள்.

புதன்கிழமை, பயம் தாங்காமல், அல்பர்ட்ஸ்லுண்டில் அம்மாவோடு இருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள். “லவன், நாளைக்கு நீ வேலைக்குப் போகாதே. என்னோடு வந்து இரு” என்று டேனிஷில் சொல்லி, கதையையும் சொன்னாள். அவளுக்கு நாலு வயது மூத்தவனை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஏழு வயதுவரை ‘அண்ணை’ என்றுதான் வாய் நிறையக் கூப்பிட்டாள். பள்ளிக்கூட முற்றத்தில் ஒருநாள் அப்படிக் கத்தியபோது துருக்கிப் பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டிச் சிரித்தார்கள்: “பாருங்கடா, அவனைத் தன் அம்மா என்கிறாள்!” அன்றைக்கு அவள் கற்றதுதான் அந்த மூன்றாவது துருக்கிச் சொல். அண்ணை என்ற சொல்லை அன்றோடு விட்டாள். அம்மா பேசாத பேச்சில்லை, அவள் திருந்தவில்லை.

“உனக்கென்ன விசரே?” என்றான் லவன். “ஆரோ ஒருத்தன் சும்மா பகிடிக்கு எழுதியிருக்கிறான். சரி சரி, அழாதை. வாறன். ரெண்டு மணிக்கு வாறன். அம்மாட்டைச் சொல்லிப் புட்டு அவிச்சுக்கொண்டு வாறன்.”

வியாழக்கிழமை சுகமில்லை என்று வேலைக்கு அறிவித்துவிட்டு அபிதா வீட்டிலேயே இருந்தாள். பன்னிரண்டிலிருந்து மணிக்கூட்டைப் பார்த்தாள். வெளியே மழையுமில்லை, வெயிலுமில்லை, வானம் ஈயம்போல் கிடந்தது. இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. லவன் மூச்சு வாங்க வாசலில் நின்றான்.

“என்ன, படியாலையா வந்தனீ?” பதற்றத்தில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. “பின்பக்கத்தாலையா?”

“ஓம், டொக்டர் நடக்கச் சொன்னவர், சீனி கூடிப்போச்சாம். உன்ரை குழியையும் எட்டிப் பார்த்தன். அதுக்குள்ளை விழுறதெண்டால் நான் இன்னும் பத்துக் கிலோ குறைய வேணும்.”

அவள் சிரிக்கவில்லை. அவன் தோரணத்தைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் அமர்ந்து, உடனே நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“ஐயோ, புட்டுப் பெட்டியைக் காருக்கை விட்டிட்டு வந்திட்டன். போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

“விடு. பிறகு எடுக்கலாம்.”

“ஆறிப்போடும். அம்மா கொல்லுவா.” அவன் எழுந்துவிட்டான்.

“அப்ப படியாலை போகாதை. சொன்னால் கேள், லவன். லிப்ற்றிலை போ, அது முன்வாசலாலை விடும். திரும்பியும் லிப்ற்றிலையே வா.”

“டொக்டர்…”

“டொக்டரை விடு! லிப்ற்றிலை போ. எனக்குச் சத்தியம் பண்ணு.”

அவன் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். அவள் வாசலில், தோரணத்துக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுகள் வரிசையாக இருந்த அந்த நடை நீளமானது. லிப்ற் அதன் கடைசியில், மூலை திரும்பினால் வரும். அந்த மூலையில் மின்குமிழ் எரியாமல் கனநாள். அவன் மூலைக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

“பயப்பிடாதை. கையிலை விளக்கை வச்சுக்கொண்டு கிணத்திலை விழுற ஆள் நானில்லை.”

உள்ளே தொலைபேசி அடித்தது. அவள் ஓடிப்போய் எடுத்தாள். நூர்ஹான்தான், உற்சாகத்தில் குரல் உயர்ந்திருந்தது.

“அபி! சுகமில்லையாமே? நல்ல செய்தி சொல்கிறேன், சுகமாகிவிடும். நீ கேட்ட இருபத்தேழாம் கதைக்குத்தான் முதல் பரிசு! லிப்ற் கதை!”

“எந்த லிப்ற்?”

“லிப்ற் என்ற சொல்லே அதில் வராதாம், ஆனால் கதையே லிப்ற்றைப் பற்றியதுதானாம். என்னுடைய திறப்பால் லாச்சியைத் திறந்து உறையைப் பிரித்தோம். எழுதியவர் உங்கள் பக்கத்து லிப்ற்றுகளைத் திருத்துகிறவராம். பெயரோடு டேனிஷில் ஒரு கடிதமும் வைத்திருக்கிறார், அதைத்தான் சொல்ல எடுத்தேன், கொஞ்சம் பயமாக இருக்கிறது. ‘ஆண்டு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. ஏழாம் இலக்கத்தில், நாலாம் மாடியில், லிப்ற் இல்லாதபோதும் கதவு திறக்கிறது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், எவரும் வாசிக்கவில்லை. நடுவர்களாவது வாசிப்பார்கள்’ என்று.”

“கதையில் கிணறு என்றுதானே இருந்தது?”

“குயு! லிப்ற் ஓடுகிற அந்த நீண்ட குழிக்கு எங்கள் மொழியில் கிணறு என்றுதான் சொல்வோம்.”

“ஆனால் அபி… விழுவது நான். அபி என்று இருக்கிறது. அவள் என்று இருக்கிறது.”

நூர்ஹான் சிரித்தார், முதல் நாள் சிரித்த அதே சிரிப்பு. “அடி என் கண்ணே, அது உன் பெயர் இல்லை. எங்கள் மொழியில் அவனும் அவளும் ஒரே சொல்தான், கணினிக்கு என்ன தெரியும்? அபி என்றால் அண்ணன். விழுவது ஓர் அண்ணன்.”

அவள் தொலைபேசியோடு ஓடினாள். வாசலில் தோரணம் முகத்தில் அடித்தது. நடை நீண்டுகொண்டே போனது. இருபத்தெட்டு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்த சொல் அவளைக் கேட்காமலே வெளியே வந்தது.

“அண்ணை!”

மூலைக்கு அப்பால் கதவின் கீல் முனகியது. பிறகு ஏதோ இரும்பில் பட்டு, இன்னொரு தடவை பட்டு, ஆழத்தில் விழுந்தது.

“அண்ணை! அண்ணை!”

மூலை திரும்பினாள். லிப்ற்றின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை, தளமில்லை, இரண்டு கம்பிவடங்கள் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. கீழேயிருந்து எண்ணெய் மணத்தோடு குளிர் காற்று வந்தது. அவள் நிலத்தில் படுத்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். கூப்பிட்டதுதான் திரும்பி வந்தது, பதில் வரவில்லை.

கையிலிருந்த தொலைபேசியில் நூர்ஹான் பதறிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதெல்லாம் அந்த ஒரு சொல்தான், அதை அவர் தன் மொழியில்தான் கேட்டார்.

“அன்னெயா? உன் அம்மாவா? அழாதே பிள்ளை, சொல்லு. அம்மாவுக்கு என்ன நடந்தது?”

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.