இருபத்திரண்டு எண்ணிக்கை மௌனம்

அம்பாரோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் உர்சுவா சவப்பெட்டியின் விளிம்பில் கையை வைத்து மூன்றாம் முறையாகத் தொண்டையைச் செருமினார். செருமலுக்கே கைதட்டல் எதிர்பார்க்கிற மனிதர்.

"லெயாந்த்ரோ இசை எழுதலை. மௌனத்தைச் செதுக்கினாரு. அவரோட ஒவ்வொரு படைப்புலயும் ஒரு இடத்துல அத்தனை வாத்தியமும் நின்னுடும். இருபத்திரண்டு எண்ணிக்கை. பதினாலுக்கு அப்புறம் ஒரு சின்ன இழுவை. அது என்ன? நம்ம மெக்சிகோவோட உடைஞ்சுபோன வரலாறு!"

மாணவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி விசும்பினாள். மனைவி அம்பாரோவுக்குத்தான் அழுகை வரவில்லை. அவள் கண் கதவோரம் நின்ற சொகோரோ மேலேயே இருந்தது. கீழ்வீட்டுத் தையற்காரி. கறுப்புக் கவுன் அவள் இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. விதவை யாரென்று தெரியாத இரண்டு பேர் அவளிடமே துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முப்பது வருஷமாக அம்பாரோ தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தினாள். லெயாந்த்ரோ தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார். அதற்குப் பெயர் இசையமைப்பு. காதுக்கு நேர் கீழே சொகோரோவின் தையல் மெஷின். அவரைப் பாரிஸ் வரை கொண்டுபோனதும் 'நான்கு வயலின்களும் ஒரு தையல் மெஷினும்' என்ற படைப்புதான். அம்பாரோவுக்கென்று அரை வரி மெட்டுக்கூடக் கிடையாது. போதாததற்கு, தினமும் அவள் வேலை முடிந்து வரும்போது அவர் அறையில் துடைப்பம் கிடக்கும். அறை மட்டும் பெருக்கியிருக்காது. கட்டையால் தரையைத் தட்டி யாருக்குச் சைகை காட்டுகிறார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்படித்தான் படுத்திருந்தார். வேலை செய்கிறார் என்று நினைத்து ஒரு மணி நேரம் அவரைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

காப்பியை சொகோரோவிடம் நீட்டினாள். "சர்க்கரை போடலை. உனக்குத்தான் எல்லாமே இனிப்பா நடந்திருக்கே."

"என்ன சொல்றீங்க, தோன்யா அம்பாரோ?"

"துடைப்பக் கட்டை. எனக்குத் தெரியும்டி."

சொகோரோவின் முகம் மலர்ந்தது. "சொல்லிட்டாரா? அப்பாடா! எத்தனை வருஷ ரோதனை! நாலு மணிக்கு வாசல் கேட் கிரீச்சுன்னா உடனே டொக்கு டொக்குனு இடி. 'மெஷினை நிறுத்து, அவ ஏறி வர்றா'ன்னு கத்துவாரு. கல்யாணக் கவுனா இருந்தாலும் நிறுத்தணும். உங்க கதவு திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் பெடல்ல கால் வைக்கலாம்."

"எதுக்காம்?"

"யார் கண்டா? கேட்டா 'உஷ்'ம்பாரு. மேதையாச்சே."

அம்பாரோ சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

கல்லறையிலும் உர்சுவா பேசினார். சொகோரோ பாதியிலேயே கிளம்பிவிட்டாள். சனிக்கிழமை பதினைந்து வயது நிறைகிற ஒருத்தியின் விழாக் கவுன் முடியாமல் கிடந்தது. சாவுக்காக வயது காத்திருக்குமா?

அம்பாரோ வீடு திரும்பியபோது மணி நாலு. கீழ்வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் கேட் கிரீச்சிட்டது. மெஷின் நின்றது.

ஏறினாள். பதினான்காம் படியில் வழக்கம்போல மூச்சு வாங்கி, பையை இடது கைக்கு மாற்றினாள். மிச்சம் எட்டு. கதவைத் திறந்தாள். கீழே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவள் உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெறுங்காலோடு கீழே இறங்கினாள். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டை மறுபடி கிரீச்சிட வைத்தாள்.