சின்னச் சீட்டுக்கு என்ன அர்த்தம்

தாட்சாயணி பொய் சொல்லத் தெரியாதவள் ஒன்றும் அல்ல. ஆறு மாதமாகச் சித்தூரில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "அவருக்கு ஒண்ணும் இல்ல, வயசாச்சு இல்ல, கொஞ்சம் மறதி." அவள் புருஷன் வேங்கடாசலம் அடுப்பை அணைக்க மறந்தார், கூடப் பிறந்த தம்பியின் பேரை மறந்தார். பிரிட்ஜ் சீட்டாட்டம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மேசையில் உட்கார்ந்தால் மனுஷனுக்கு முகமே மாறிவிடும். அதையும் பிடுங்கிவிட்டால் அப்புறம் அவருக்கு என்னதான் இருக்கிறது? அதனால்தான் காலை பஸ்ஸில் திருப்பதிப் போட்டிக்குக் கூட்டிவந்தாள்.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காரும் ஜோடி, போடும் சீட்டாலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் ரகசியமாகப் பேசக் கூடாது. எந்தச் சீட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எதிராளி கேட்டால் அர்த்தம் சொல்லியாக வேண்டும், அதுவும் சீட்டைப் போட்டவர் அல்ல, அவருடைய ஜோடிதான். ஆடி ஆடிப் பழகித் தெரிந்துகொண்டதையும் மறைக்கக் கூடாது. பொல்லாத சட்டம்.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் இஸ்பேட் ராஜாவை இறக்கினாள். வேங்கடாசலம் இஸ்பேட் ரெண்டைப் போட்டார். எதிராளி கங்கையா தன் சீட்டைப் போடாமல் கையை நிறுத்தினார்.

"செப்பண்டி மேடம். சார் சின்னது போட்டாரே, அதுக்கு என்னா அர்த்தம்?"

சின்னது போட்டால் 'இதையே போடு', பெரியது போட்டால் 'வேண்டாம்'. இருபது வருஷ ஏற்பாடு அது. சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இப்போதெல்லாம் அவர் கைக்கு வந்ததைப் போடுகிறார். அவளோ அதைப் பார்ப்பதே இல்லை, தன் சீட்டை வைத்தே யூகித்து ஆடுகிறாள். ஜெயித்தால், "பாத்தியா, நான் சொன்னத கப்புனு புடிச்சிக்கின" என்று பூரித்துப்போவார். அந்த அர்த்தத்தை நம்பிக் கங்கையா ஏமாந்தால் அது கள்ளாட்டம்தானே?

"இதையே போடுன்னு அர்த்தங்க," என்றாள். பாழாய்ப்போன மனசு அதோடு விடவில்லை. "எழுதிக் குடுத்தது அதுதான். ஆனா அவருக்கு இப்ப நெனப்பு நிக்கறதில்ல. ஆறு மாசமா அவரு போடறத பாத்து நான் ஆடறதில்லங்க."

கங்கையா தலையைக் குனிந்துகொண்டார். "சரி மேடம்," என்று ஒரு சின்னச் சீட்டைப் போட்டார்.

வேங்கடாசலம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கையிலிருந்த சீட்டுகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஆறு மாசமாவா?"

"ஆமாங்க."

"அப்ப எதிர்ல ஆள வச்சிக்கினு நீ தனியாவா ஆடிக்கினு இருந்த, தாட்சு?"

வீட்டில் அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை, முன்பின் தெரியாதவர்கள் நடுவே பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய ராஜாதான் ஜெயித்திருந்தது. அடுத்த சீட்டையும் அவள்தான் போட வேண்டும்.