டிராம்போன்காரனின் விசா

என்னைத் திட்ட நபூவாவில் இப்போது ஆளில்லை. தேர்தல் வந்தது, விசாத் தடை போனது, சக்கியுசா மகளோடு இருக்க ஆக்லாந்துக்குப் போய்விட்டான். நாடாளுமன்றம் திரும்பக் கிடைத்ததில் பக்கத்து வீட்டுக்காரனைப் பறிகொடுத்தவன் ஃபிஜியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவன் தீவுக்காரர்களுக்கும் எங்கள் மலைக்காரர்களுக்கும் ஆதி தெய்வம் ஒன்று. அதனால் நாங்கள் தௌவு. பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் வையலாம், தட்டில் இருக்கும் மீனைக் கேட்காமல் எடுத்துத் தின்னலாம், கோபப்பட மட்டும் உரிமையில்லை. என்ன அருமையான காலம் அது! காலையில் வேலி ஓரம் அவன் வசவு கேட்காவிட்டால் எனக்குத் தேநீர் இறங்காது.

சக்கியுசா இராணுவ பேண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுபவன். அவன் கையில் துப்பாக்கியை நான் பார்த்ததே இல்லை. இராணுவம் ஆட்சியைப் பிடித்த மறுநாள்கூட பேண்டின் சிவப்புச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பிரதமரை எதைக் காட்டிடா மெரட்டினே, அந்தக் குழாயவா?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டேன்.

"ஆமாண்டா மலைப்பன்னி. நான் ஊதினதக் கேட்டு அவரே எந்திரிச்சு ஓடிட்டாரு."

தேர்தல் நடத்தும்வரை இராணுவத்தாருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் விசா கிடையாது என்று நியூசிலாந்து அறிவித்ததை வானொலியில் கேட்டு நான் கைதட்டினேன். என் ஓட்டைப் பிடுங்கியவர்களுக்கு வலிக்கட்டும் என்ற ஆத்திரம். அந்த ஆத்திரம் நியாயம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் மேலே இருந்தவர்களுக்கு எங்கே வலித்தது? சுற்றிப் பார்க்க அவர்களுக்கு வேறு நாடா இல்லை? அடி என் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

அவன் மகள் மெரேயோனி ஆக்லாந்தில் நர்ஸ். முன்பே அந்த நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டவள். அவளுக்கு அங்கேயே கல்யாணம் நிச்சயமானது. தாயில்லாப் பெண். அப்பா வந்து கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று போனில் அழுதாள். சக்கியுசா விசா கேட்டான், மறுத்தார்கள். நான் வெறும் பேண்டுக்காரன் என்றான். பேண்டும் இராணுவம்தானே என்றார்கள்.

"வேலைய விட்டுத் தொலையேண்டா," என்றேன்.

"விட்டுட்டு? இந்த வாய வச்சு எனக்கு வேற என்ன தெரியும்? உன்னத் திட்டறதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?" என்றான். பிறகு, "நீ போடா. என் எடத்துல நில்லு. மூஞ்சிதான் மோசம், பாத்துக்கலாம்," என்றான்.

கல்யாணச் சீராகக் கொடுக்கும் பாய்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். தேவாலயத்தில் என் கையைப் பிடித்த மெரேயோனியின் விரல்கள் சில்லிட்டிருந்தன. விருந்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொண்ணோட அப்பா எங்க?" என்று கேட்டார். "இராணுவத்துல," என்று யாரோ சொன்னார்கள். அவர் முகம் சுருங்க, "ஓ," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே மாதிரி நானும் எத்தனை பேரைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன்!

எங்கள் வழக்கப்படி சீராகத் தரும் திமிங்கிலப் பல்லைக் கையில் ஏந்திப் பெண் வீட்டார் சார்பில் பேச எழுந்தேன். தௌவு முறைக்கு அவனை நாலு வார்த்தை வைது சபையைச் சிரிக்க வைக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "இவளோட அப்பா ரொம்ப நல்லவரு," என்பதுதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. மெரேயோனி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் சக்கியுசா யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து வைத்துக் காத்திருந்தான். கொட்டாங்கச்சியை என்னிடம் நீட்டினான்.

"சொல்லுடா. என்னன்னு என்னத் திட்டினே? எல்லாரும் சிரிச்சாங்களா?"

நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னேன். "பொண்ணு ரொம்ப அழகா இருந்தா. உங்களுக்குக் குடுத்து வைக்கலியேன்னுதான் எனக்கு வருத்தம். மன்னிச்சுக்கங்க."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு செத்துப்போனது.

"எனக்கு எதுக்குடா மரியாதை?" என்றான். "மகளும் அங்க போயிட்டா. இப்ப நீயும் போறியா? திட்டுடா."

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.