நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் தளவாய், கார் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பில் தேய்த்த எண்ணெய் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதற்குமேல் வியர்வை. சாரல் அடிக்கிற நேரத்தில் யாருக்காவது வியர்க்குமா?

கொழுந்தன் இசக்கிதுரை ஓடி வந்தார். போன வருஷம் அவருக்கு இருதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும்.

"வாயைத் திறண்ணே. வலி சட்டுன்னு கேக்கும்."

இவர் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். சொல்லிவிடாதே என்று அர்த்தம்.

சுகர் வந்த பிறகு எங்களுக்குள் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. என் முகத்தைப் பார்க்கவே கூசிய மனுஷனை நான்தான் சண்டை போட்டுத் தென்காசி டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"நைட்ரிக் ஆக்சைடுன்னு உடம்புலயே ஒரு வாயு ஊறும்மா. அது ரத்தக்குழாயை விரிச்சாத்தான் ஆம்பளைக்கு எழுச்சி. சுகர்ல அது குறைஞ்சுபோச்சு. இந்த மாத்திரை, இருக்கிற கொஞ்சத்தை நின்னு வேலை செய்ய வைக்கும்" என்றார் டாக்டர். பிறகு கறாராகச் சொன்னார்: "நெஞ்சுவலிக்கு நாக்குல வைக்கிற மாத்திரையும் அதே வாயுவைத்தான் கொண்டுவரும். ரெண்டும் சேர்ந்தா பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிரும். ஆள் மிஞ்ச மாட்டாங்க."

டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த மாத்திரையைத்தான் இவர் நேற்று ராத்திரி போட்டிருந்தார்.

இசக்கிதுரை அண்ணன் தாடையை அழுத்தி வாயைத் திறந்துவிட்டார். நான் அவர் கையைத் தட்டினேன். மாத்திரை சேற்றில் விழுந்தது.

"என்ன மதினி செய்யுதிய? கிறுக்கா புடிச்சிருக்கு?"

கொழுந்தன் முன்னால் புருஷன் பேரைக்கூடச் சொன்னதில்லை நான். பக்கத்தில் கொழுந்தன் பெண்டாட்டி மாரிச்செல்வி, சுற்றிலும் கூட்டம். மானமாவது மண்ணாங்கட்டியாவது.

"அவுக நேத்து ராத்திரி ஆம்பளைங்க போடுத மாத்திரை போட்டிருக்காவ. அதோட இது சேர்ந்தா உசுரு போயிரும். வண்டியை எடுங்க."

இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "உசுரோட இருந்து என்னைத் திட்டுங்க" என்று இவர் காதில் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலும் அதையே சத்தமாகச் சொன்னேன். வேறு மருந்து கொடுத்தார்கள். சாயங்காலம், ஆபத்து தாண்டிவிட்டது என்றார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வராந்தாவில் இசக்கிதுரை முகம் வெளுத்து நின்றார்.

"மதினி, அந்த ரெண்டையும் ஒரே நாள்ல போடவே கூடாதோ?"

"ஏன் கேக்கிய?"

"அண்ணன் போடுத மாத்திரையை நானும் கடையில சொல்லி வாங்குதேன். டாக்டருக்குத் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "மாரிக்குத் தெரிய வேண்டாம் மதினி."

மாரிச்செல்வி காப்பியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

"நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலிச்சா, நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கப் போறது அவதான். அவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணும்?"