மூன்று பிரதிகளும் ஒரு தேங்காயும்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. வார இதழ் ஒன்றின் இணைப்புக்காக, வீட்டுக் கணினியில் இருப்பதைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்க எளிய வழி எது என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். பயனுள்ளதாக இருக்க வேண்டும், படம் போட இடம் விட வேண்டும், வாசகரை மிரட்டக் கூடாது என்றார்கள். நானும் யோக்கியமாகத்தான் உட்கார்ந்தேன்.

கணினி என்பது நம் அன்றாட வாழ்வின் இன்றியமையாத

அங்கேயே நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்குகிற எதையும் நான் படித்து முடித்ததில்லை.

எளிய வழி என்று ஒன்று உண்டு, ஆனால் அதை எளிதாக இருக்க விட நம் வீட்டு ஆண்களுக்கு

இதைக் கட்டுரையில் போட முடியாது. ஆனால் இதை எழுதியதும் சிவபாண்டி உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்த இடத்தில் கட்டுரைக்கு இடமில்லை.

2

சிவபாண்டிக்குக் கப்பலூரில், இரும்பு உதிரி பாகம் கடைகிற பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. அவன் மனைவி தமிழ்வாணி மிஷன் பள்ளியில் ஆசிரியை. மாட்டுத்தாவணிக்குப் பின்னால் வீடு. கூடத்து மூலையில் ஒரு கணினி. அந்தக் கணினிக்குள் தமிழ்வாணியின் முனைவர் பட்ட ஆய்வேடு.

அவள் பிறந்த வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். டாக்டர் என்ற சொல்லை ஊசி போடுகிறவருக்கு மட்டுமே வைத்திருந்தவர்கள். பள்ளி விட்டு வந்து, உலை வைத்து, பாத்திரம் கழுவி, மிச்சமிருந்த நேரத்தில் பல வருடமாக அவள் எழுதியது அது. இரண்டு முறை கெடு நீட்டித்து வாங்கியாகிவிட்டது. பூஜை விடுமுறை முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து.

(வழிகாட்டியிடம் ஒரு பிரதி இருக்குமே என்று கேட்பீர்கள். பேராசிரியர் முதல் இரண்டு இயல்களை வாங்கி வைத்திருக்கிறார். எங்கே வைத்தார் என்பதுதான் அவருக்கு நினைவில்லை.)

3

எளிய வழியைத் தமிழ்வாணி முதல் நாளே சொன்னாள். எழுத எழுத அதைத் தன் மெயிலுக்கே தான் அனுப்பி வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

சிவபாண்டி சிரித்தான். அவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்தின் மேல் அவனுக்கு மரியாதை கிடையாது. இணையத்தில் போட்டு வைப்பது, முன்னே பின்னே தெரியாதவன் வீட்டில் நகையைக் கொடுத்து வைப்பது போல என்றான். அதோடு நில்லாமல், வைரஸ் வந்துவிடும் என்று கணினிக்கு வந்த இணையத்தையே பிடுங்கிவிட்டான். பள்ளி அலுவலகத்து எழுத்தர் ஸ்டீபன், வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக் கணினியில் ஒரு காப்பி போட்டுவிட்டுப் போகும்படி டீச்சரிடம் சொல்லியிருந்தார். பள்ளிக் கணினி ஊர்ச் சத்திரம், கண்டவன் பென் டிரைவும் வந்து படுத்துப் போகிற இடம் என்று அதையும் சிவபாண்டி தட்டிக் கழித்தான்.

பிறகு ஆராய்ச்சியில் இறங்கினான். வீட்டில் ஆய்வு செய்கிறவள் ஒருத்திதான் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. சாப்பிடும்போது வீடியோ, பேருந்தில் வீடியோ. மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும், ஒன்றாவது வெளி வீட்டில் இருக்க வேண்டும் என்று எவனோ சொன்னதைப் பிடித்துக்கொண்டான். சொன்னவன் சொன்னது சரிதான், அதில் குறை இல்லை.

ஆக, கணினியில் ஒன்று. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் ஹார்ட் டிஸ்க் ஒன்று. சமயநல்லூரில் தமிழ்வாணியின் தம்பி சுருளி வீட்டில் பென் டிரைவ் ஒன்று. மாதம் ஒருமுறை மூன்றையும் சேர்த்துப் புதுப்பித்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் காப்பி ஆகிவிடுகிறது என்று பட்டறையில் பெருமை பேசினான். நாலு பேர் அவனிடம் யோசனை கேட்டுக்கொண்டு வந்தார்கள். பதில் சொல்லும்போது அவன் குரலே மாறிவிடும்.

4

இந்த இடத்தில் எனக்குத் தமிழ்வாணி மேல் சந்தேகம். இவ்வளவு படித்தவள், அவன் இணையத்தைப் பிடுங்கியபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்? முதல் வரைவில் அவளைச் சண்டை போட வைத்தேன். சண்டையில் அவள் ஜெயித்தாள். கதை மூன்றாவது பிரிவிலேயே முடிந்துபோயிற்று. இரண்டாவது வரைவில் அவளை

வேண்டாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்குக் கிடைக்கிற ஒரு மணி நேரத்தைச் சண்டையில் செலவழிக்க அவளுக்கு மனமில்லை. அவன் எதையோ கட்டிக்கொண்டு அழட்டும், நமக்கு நாற்காலி காலியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டாள். இதைப் பொறுமை என்று சொல்லிப் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

5

ஆயுத பூஜை வந்தது.

கதை முழுக்க இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். மற்ற நாளில் சிவபாண்டியின் ஏற்பாட்டில் ஓட்டை கிடையாது. தீ பிடித்தாலும் திருடன் வந்தாலும் ஒரு பிரதியாவது தப்பும். ஆனால் வருடத்தில் ஒரு நாள், வீட்டிலுள்ள ஆயுதமெல்லாம் ஓரிடத்தில் கூட வேண்டும். அரிவாள்மனை, ஸ்பேனர், தையல் மெஷின், பைக் எல்லாம் வந்தபோது கணினி வராமல் இருக்குமா? அது ஆயுதமும்தான், உள்ளே இருப்பது சரஸ்வதிக்கு வைக்க வேண்டிய புத்தகமும்தான். கணினி வந்தால் பீரோவிலிருந்து ஹார்ட் டிஸ்க்கும் வர வேண்டும். சமயநல்லூருக்குப் போன் போட்டான்.

சுருளி, இங்கேயே ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன், எதற்கு அலைச்சல் என்று கேட்டிருக்கிறான்.

"அது ஆயுதம்டா மாப்ள. ஒரு வீட்டு ஆயுதத்தைப் பிரிச்சு வச்சுக் கும்புடுவாகளா? கொண்டு வா."

சுருளி கொண்டு வந்தான். ஹார்ட் டிஸ்க்கும் பென் டிரைவும் பித்தளைத் தாம்பாளத்தில் வாழைப்பழத்துக்கும் பொரிக்கும் நடுவில் உட்கார்ந்தன. சிவபாண்டி சந்தனத்தைக் குழைத்து, கம்பி சொருகுகிற வாயிலேயே அழுத்தி ஒரு பொட்டு வைத்தான், அதுதானே அதற்கு முகம். கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பட்டறையிலிருந்து கொண்டு வந்த புளோயரால் தூசி ஊதி, உள்ளேயும் பொட்டு வைக்க வசதியாகத் தகட்டைக் கழற்றியபடியே விட்டான். சாமி முன்னால் அணைந்து கிடக்கக் கூடாது என்று கணினியை ஓட விட்டான்.

தேங்காயை ஒரே போடில் உடைப்பதில் கப்பலூர் வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் உண்டு. தண்ணீர் பிடிக்கத் தமிழ்வாணி செம்பை நீட்டினாள். வேண்டாம், ஒரு சொட்டுச் சிந்தாது என்றான்.

அன்றைக்கு அவன் கையில் எண்ணெய். ஒரு மூடி திறந்திருந்த பெட்டிக்குள் விழுந்தது. இன்னொன்று தண்ணீரோடு தாம்பாளத்தில் கவிழ்ந்தது. டப் என்று ஒரு சத்தம். சாம்பிராணி வாசனையோடு வேறொரு வாசனையும் கூடத்தில் பரவியது. சுருளி மட்டும், தேங்காய் நல்ல முற்றல் என்றான்.

6

கணினி கருகிவிட்டது, ரிப்பேர்க் கடைகளெல்லாம் பூஜைக்காக மூடிக் கிடந்தன. சிவபாண்டி ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் இரண்டையும் துடைத்து, சந்தனத்தைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தான். அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று ஒரு வீடியோ சொன்னது. மறுநாள் வரை டின்னைத் திறக்கக் கூடாதாம். அன்று அந்த வீட்டில் சோறு வடிக்கவில்லை. தோசையைத் தின்றுகொண்டு, கவலைப்பட ஒன்றுமில்லை, மூன்று இடத்தில் வைத்தவன் நான் என்றான்.

தமிழ்வாணி அதுவரை அழவில்லை. இதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. வரவேண்டிய நேரத்துக்குப் பல வருடம் பிந்தி வந்த கோபம்.

"மூணு எடத்துல வச்சீகளே, ஒரு எடத்துலயாச்சும் தொறந்து பாத்தீகளா?"

"தொறந்தா ஏதாச்சும் ஆயிரும்னுதான் தொறக்கல."

"நான் எதைப் பத்தி எழுதுறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சிவபாண்டி தோசையைப் பார்த்தான். சட்னியைப் பார்த்தான்.

"படிப்புச் சம்பந்தமாத்தான?"

7

இனி முடிவுதான் பாக்கி. கைவசம் மூன்று இருக்கிறது.

ஒன்று: தமிழ்வாணி யாருக்கும் தெரியாமல் ஸ்டீபனின் கணினியில் வெள்ளிதோறும் ஒரு காப்பி போட்டு வந்திருக்கிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். பெண் எப்படியும் சமாளித்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு நானும் சிவபாண்டியும் நிம்மதியாகத் தூங்கலாம். அதற்காகவே இதை அடித்துவிட்டேன்.

இரண்டு: அரிசி வேலை செய்கிறது. ஆய்வேடு பொரி வாசனையோடு மீள்கிறது. இதழ்க்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும், ஒரு குறிப்பும் கிடைத்த மாதிரி.

மூன்று: டிஸ்க் உயிரோடு இருக்கிறது, ஆனால் உள்ளே ஆய்வேடு எப்போதுமே இருந்ததில்லை. திரையில் தெரிந்த ஷார்ட்கட் படத்தை மட்டும் அவன் மாதாமாதம் நகலெடுத்திருக்கிறான். வீட்டுக்குப் பதில் வீட்டுக்குப் போகிற வழிகாட்டிப் பலகையைத் தூக்கிப் பீரோவில் வைத்த கதை. கண்ணை மூடித் திறப்பதற்குள் காப்பி ஆனதாக அவன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கலாம். எனக்கு இதன் மேல்தான் சபலம்.

8

கட்டுரை கேட்டவர்களுக்கு என் பதில் இது: எந்த வழி வேண்டுமானாலும் பிடியுங்கள், எடுத்த பிரதியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு வரிதான். மீதிப் பக்கத்தில் படம் போட்டுக்கொள்ளட்டும்.

கதைக்கு வருகிறேன். விஜயதசமி காலை. சுருளியின் லேப்டாப் கூடத்து மேசையில் திறந்திருக்கிறது. தமிழ்வாணி டின்னுக்குள் கைவிட்டு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிடுகிறாள். சிவபாண்டி ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. அவன் தரையில் அவள் எதிரே வந்து உட்கார்கிறான்.

"எதைப் பத்தி வாணி?"

அவளுக்குக் கை நிற்கிறது.

"நெசமாத்தான் கேக்குறீகளா, இல்ல பயத்துல கேக்குறீகளா?"

இங்கே நான் எழுதுவதை நிறுத்துகிறேன். மேற்கொண்டு எழுத எனக்குத் தெரியவேண்டியது ஒன்று இருக்கிறது, அது எனக்குத் தெரியாது. அவனைக் கிண்டல் செய்தே ஏழு பிரிவு ஓட்டிவிட்டேன். தேங்காய் முற்றலா இளசா என்பது முதற்கொண்டு எழுதினேன். அந்த ஆய்வேடு எதைப் பற்றியது என்று அவளிடம் நானும் கேட்கவில்லை.

பின்னால் புரட்டிப் பார்க்காதீர்கள், எங்கேயும் இல்லை. இதுவரை வந்துவிட்டீர்கள், டிஸ்க் பிழைக்குமா என்றுதான் நீங்களும் கவலைப்பட்டீர்கள்.

அவள் ஒரு கையில் டிஸ்க்கையும் ஒரு கையில் கம்பியையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். சொருகச் சொல்வதானால் சொல்லுங்கள், அடிக்காமல் விட்ட இரண்டில் ஒரு முடிவு வந்துவிடும். எதைப் பற்றி என்று சொல்லச் சொல்வதானால் உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள். நேரமாகும்.