கூறு வைத்தவரின் மவுஸ்

பள்ளிமுனையில் வள்ளம் கரையேறியதும் வியாபாரி மீனை நிறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டுக் கறிக்கென்று ஒதுக்கிய மீன் மட்டும் மணலில் கிடக்கும். அதைப் பிரித்துக் கூறு வைக்கும் பொறுப்பு பெனடிக்றுடையது. சூடையும் கும்பளாவும் நண்டும் கலந்த குவியலை நான்கு கூறாக்கிவிட்டு, அவர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மற்ற மூவரும் விரும்பியதை எடுத்த பின்பு மிஞ்சுவதே அவருக்கு. கூறு வைப்பவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது அந்த வள்ளத்தின் கட்டளை. எழுதி வைத்த சட்டங்கள் வளைந்த காலத்திலும் வளையாமல் நின்ற கட்டளை அது.

“மச்சான், இண்டைக்கும் உனக்கு நண்டில்லை. உன்ர மனிசி இமெல்டா என்னைத்தான் ஏசப் போறா” என்றார் கூட்டாளி கொலின்ஸ், இரண்டு நண்டுகளைத் தம் பையில் போட்டபடி.

“ஏசட்டும். நாளைக்கு நீ கூறு வை, நான் முதல்ல எடுக்கிறன்.”

“ஐயோ, அந்த வேலை எனக்கு வேண்டாம்.”

பெனடிக்றுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. மண்டபம் அகதி முகாமில் வளர்ந்த நாளில் பழகிய கணினி விளையாட்டை, போர் ஓய்ந்து ஊர் திரும்பிய பின்னும் அவர் விடவில்லை. விசைப்பலகை, காதுக்கருவி என்று எதை வாங்கினாலும் அதன் நிறைகுறையை முகநூலில் ஒளிவு மறைவின்றி எழுதுவார். மீனைக் கூறு வைத்த கை எழுதியது என்பதால் ஊர் அதை நம்பியது. இப்போது இளைஞர் கழகத்தின் கணினி விளையாட்டு அணிக்குக் கேமிங் மவுஸ் வாங்க வேண்டியிருந்தது. கோயில் பெருநாளுக்கு முருங்கன் ஊர் அணியுடன் போட்டி. “பெனடிக்ற் அண்ணை நல்லதெண்டால் அதையே எடுப்பம்” என்று கழகம் ஒரே குரலில் முடிவு செய்திருந்தது.

இந்தச் செய்தி பட்டினத்தில் கணினிக் கடை வைத்திருந்த சாந்தரூபனின் காதுக்கும் எட்டியது.

“அண்ணை, வாங்கோ, கதிரையில இருங்கோ. புதுச் சாமான் வந்திருக்கு” என்று அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த மவுஸ் பச்சையும் ஊதாவும் சிவப்புமாக மாறி மாறி மின்னியது. “இது உங்களுக்கு. காசு கீசு எண்டு கதைக்க வேண்டாம். ரெண்டு நல்ல வார்த்தை வடிவா எழுதிவிடுங்கோ.”

இலஞ்சம் எல்லா வேளையிலும் மேசைக்கு அடியில் வருவதில்லை. சில வேளை நிறம் நிறமாக மின்னிக்கொண்டு, கதிரை போட்டு, தேநீரும் கொடுத்து வரும். பெனடிக்ற் தேநீரைக் குடித்தார். பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் விளையாட்டைத் தொடங்கியவுடனேயே மவுஸ் தன் குணத்தைக் காட்டியது. ஒருமுறை அழுத்தினால் இருமுறை சுட்டது. வயர் விறைப்பாக இருந்து கையைப் பின்னுக்கு இழுத்தது. பெருவிரல் படுமிடத்தில் ஒரு விளிம்பு உறுத்தியது.

“மேசைதான் சரியில்லை” என்று அவர் முணுமுணுத்தார். சிறிது நேரத்தில், “உப்புக்காத்து. அதுதான் பொத்தான் இறுகுது” என்றார். பின்னர், “வலை இழுத்த விரல் எல்லோ, அதுதான் நோகுது” என்றார்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த இமெல்டா சிரித்தாள். “அந்த எலிக்கு நீங்கள் என்ன, அப்புக்காத்தோ? வழக்கு நல்லாப் பேசுறியள்.”

பெனடிக்ற் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார். “கைக்கு இதம், வேகத்துக்கு நிகரில்லை, விலைக்குத் தகும்” என்று முகநூலில் எழுதி முடித்தார்.

மறுநாள் மாலை கழக மண்டபத்தில் எல்லோரும் கூடினர். அணித் தலைவி கிருஷிகா, பெனடிக்ற் கொண்டுவந்த அந்த மவுஸைப் பிடித்து விளையாடினாள். ஒளிந்திருந்து ஒரேயொரு குண்டு சுட வேண்டிய இடத்தில் இரண்டு வெடித்தன; எதிரி அவளைக் கண்டுகொண்டு வீழ்த்தினான். மறுபடி முயன்றாள். மறுபடியும் அதுவே. தன் பெருவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவள் தணிந்த குரலில் சொன்னாள்:

“மவுஸில பிழையிராது. அண்ணை நல்லதெண்டு எழுதியிருக்கிறார். என்ர கைதான் சின்னன் போல. போட்டிக்கு வேற ஆரையும் விடுங்கோ.”

பெனடிக்றின் நெஞ்சில் முள் ஏறியது. தாம் எழுதிய மூன்று வரியை நம்பி, ஊரின் சிறந்த ஆட்டக்காரி தன் கையையே சந்தேகிக்கிறாள்.

கொலின்ஸ் மவுஸைத் தூக்கிப் பார்த்தார். “பெரிய சாமானா இருக்குது. எவ்வளவுக்கு வாங்கினனீ மச்சான்?”

“வாங்கேல்லை. சாந்தரூபன் சும்மா தந்தவர்.”

“ஓ. அப்ப இந்தமுறை கூறு வைக்க முதலே நண்டைத் தூக்கிட்டாய்.”

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. பெனடிக்ற் மட்டும் எழுந்து நின்றார்.

“கிருஷிகா, உம்மட கையில ஒரு குறையுமில்லை. என்ர எழுத்திலதான் குறை. இந்தச் சாமான் ஒண்டுக்கு ரெண்டாச் சுடும், விரலை நோகப் பண்ணும். எனக்கு முதலே தெரியும். சும்மா வந்ததெண்டு மறைச்சிட்டன்.”

எல்லோரும் பார்க்கவே முகநூலில் எழுதியதைத் திருத்தினார். மறுநாள் பெட்டியோடு கடையேறினார். பின்னால் கிருஷிகாவும் முழு அணியும்.

“தம்பி, உம்மட அன்புக்கு நன்றி. சாமானைப் பிடியும். உள்ள மவுஸ் எல்லாத்தையும் மேசையில வையும். விளையாடப் போற கைகள் பிடிச்சுப் பாக்கட்டும்.”

சாந்தரூபனின் முகம் முதலில் சுருங்கியது. ஆயினும் கடை நிறைந்து நின்ற கூட்டத்தைக் கண்டதும் தானாக மலர்ந்தது. சின்னக் கை, பெரிய கை, இடக்கை என்று ஒவ்வொரு மவுஸும் கை மாறியது. எந்த ஒளியும் இல்லாத, பாரம் குறைந்த கறுப்பு மவுஸ் ஒன்றைப் பிடித்ததும் கிருஷிகா நிமிர்ந்தாள். “இது என்ர கைக்கெண்டே செய்தது மாதிரி இருக்கு.” ஒன்று அழுத்தினால் ஒன்றுதான் சுட்டது. மின்னுகிறதை விட விலையும் குறைவு. அணி முழுவதுக்கும் அதையே எடுத்தார்கள். பெனடிக்றின் முறை கடைசியில் வந்தபோது, மூலை நசுங்கிய ஒரேயொரு பெட்டிதான் மிஞ்சியிருந்தது. அவர் காசை எடுத்து நீட்டினார்.

“அண்ணை, தீர்ப்புத்தான் முடிஞ்சுதே. இப்பவாவது அந்த மின்னுறதைச் சும்மா கொண்டு போங்கோவன்” என்றார் சாந்தரூபன்.

“நாளைக்கு இன்னொரு தீர்ப்பு வரும் தம்பி. நிறை குறை சொல்லுறவன்ர கை வெறுங்கையா இருக்கோணும். பரிசை வாங்கிக்கொண்டு சொல்லுற நல்ல வார்த்தையும் லஞ்சம்தான். வாங்கிறது நான் ஒருத்தன். அதுக்கு விலை குடுக்கிறது என்னை நம்பின சனம்.”

அன்று மாலை வீட்டில் விளையாட்டு நெடுநேரம் நடந்தது. அடுக்களையிலிருந்து இமெல்டா கேட்டாள்:

“என்ன, இண்டைக்கு வழக்கு ஒண்டும் பேசக் காணேல்லை?”

“இந்த எலிக்கு அப்புக்காத்துத் தேவையில்லை” என்றார் பெனடிக்ற்.