கதவைச் சாத்தியவள்

அப்பாவைப் பற்றிய நாடகத்தை முதன்முதலில் மேடையேற்றியபோது அதில் நானும் இருந்தேன். நான் என்றால் நானே அல்ல. இருமிக்கொண்டு படுத்திருக்கும் டாக்டர் மகளாக வேறொரு சிறுமி நடித்தாள். தொற்று நோயாளிகளைப் பார்த்துவிட்டு மழையில் வீடு திரும்பும் அப்பா வாசற்படியிலேயே நின்று, "கதவைச் சாத்து, குழந்தை உள்ள இருக்கா" என்பார். அம்மா அழுதுகொண்டே சாத்துவாள். நிஜத்தில் நடந்ததும் அதுதான். கட்டிலில் கிடந்தபடி என் காதால் கேட்டேன். ராத்திரி முழுக்க ஈரத்தில் வெளியே கிடந்தவர், கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரண்டாம் முறை போட்டவர்கள் குழந்தையைத் தூக்கிவிட்டார்கள். ஊர் ஊராகப் போகிற நாடகத்துக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை யார் அனுப்புவார்கள்? பிள்ளை போனதும் அந்த வசனமும் போயிற்று. கதவு மட்டும் மிஞ்சியது. அப்பா வெளியே நிற்கிறார், அம்மா சாத்துகிறாள். ஏன் சாத்துகிறாள்? பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஒரு நடிகை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாத்தினாள். அடுத்தவள் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, படாரென்று சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். அரங்கமே அவளைத் திட்டித் தீர்த்தது. அவளுக்கு அந்த வருடத்துப் பரிசும் கிடைத்தது. அதற்கப்புறம் தாழ்ப்பாள் இல்லாமல் ஒருவனும் அந்த நாடகத்தைப் போட்டதில்லை.

இந்த அழகில், ஒவ்வொரு தடவையும் அம்மாவை அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். மரியாதையாம்! ஒருமுறை கூட்டம் கலையும்போது ஒருத்தி காதுபடவே, "இந்தம்மாதானா அது?" என்றாள். நான் வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பினேன். அம்மா என் கையை அழுத்தி, "உங்கப்பாவை நல்லவிதமாத்தானே காட்டுறாங்க, விடுடி" என்றாள்.

இப்போது மறுபடி போடுகிறார்கள். அம்மா கண் மூடுவதற்குள் ஒருமுறையாவது இதைச் சரிசெய்துவிட வேண்டுமென்று ஒத்திகைக் கூடத்துக்கே போனேன். தச்சர் மேடைக்கான வெறும் கதவுச் சட்டத்தில் தாழ்ப்பாளை முடுக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"கூட்டம் அந்த சீனுக்குத்தான் மேடம் வருது" என்றார் புது இயக்குநர்.

"கூட்டம் வரணும்னு எங்கம்மாவைக் கொலைகாரி ஆக்குவீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. "நீங்க அப்போ சின்னப் பொண்ணு. உங்க ஞாபகத்தை மட்டும் நம்பி மாத்த முடியாது. அம்மா வாயால சொல்லட்டும், குழந்தையைத் திரும்பக் கொண்டுவர்றேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள் என்றுதான் பட்டது.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குத் தலை வாரி, போர்வை மாற்றி, தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தேன். சாப்பிட்டதைச் சாப்பிடவில்லை என்பாளே தவிர, பழசெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு தன்மையாகக் கேட்டார்.

"அன்னிக்கு என்னம்மா நடந்தது?"

"சாத்தினேன்" என்றாள் அம்மா.

"ஏம்மா சாத்தினீங்க?"

"ஊருக்கெல்லாம் வைத்தியம், எனக்கு என்ன மிச்சம்? அங்கேயே கிடங்கன்னு சொன்னேன். தாழ்ப்பாளும் போட்டேன்."

நாடக வசனம். ஒரு சொல் பிசகவில்லை. எங்கள் வீட்டு வாசற்கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, வெறும் பூட்டுதான். நான் பதறிப் போய் அவள் தோளைப் பிடித்தேன்.

"அம்மா, அது நாடகத்துல! அப்பாதான் சாத்தச் சொன்னாரு. நான் உள்ள இருமிக்கிட்டுக் கிடந்தேனேம்மா, நான்!"

"நீ எங்கடி இருந்த?" என்றாள். "நானும் அவரும் மட்டும்தான்."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார். என்னைப் பார்க்காமலே, "வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் ஷூ மாட்டத் தொடங்கினார். ஓடிப்போய் அவரை நிறுத்தியிருப்பேன். அம்மா என் மணிக்கட்டை விடவில்லை.

"மழையில நிக்க வச்சுக் கொன்னுட்டேனே" என்று விம்மினாள். "அவர் என்னை மன்னிப்பாரா?"

அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை கூடியது, மூச்சு இழுத்தது, உதடு நீலம் பூத்தது. வாசலில் ஷூச் சத்தம் நின்றிருந்தது. நான் என்ன சொன்னாலும் அவர் காதில் விழும்.

"மன்னிச்சுட்டாரும்மா" என்றேன்.

அம்மா கையை விட்டாள்.